முதுமைக்கு ஒரு மூல ஓலை

சேக்கிழார் பெருமான் பாடிய திருத்தொண்டர் புராணத்திலே தடுத்தாட்கொண்ட புராணம் ஒரு வழக்கின் வரலாறாகவும் அமைந்துள்ளது. புத்தூரிலே நம்பியாரூரருக்குத் திருமணம் நிகழவிருந்த வேளையில், முதியவர் ஒருவர் மணப்பந்தருட் புகுந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி ஓர் ஓலையைக் காட்டுகிறார். நம்பி அதனைப் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவர் கலங்கினாரல்லர். கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை தம்மிடம் உண்டு என்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அந்த மூல ஓலையை வாங்கி, அதிலுள்ள பாட்டனாரின் எழுத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கித் தீர்ப்புக் கூறுகின்றனர்.

இப்பகுதியை மாணவர்க்குப் பாடஞ் சொல்லுமிடத்துப் பக்திச் சுவையை விரித்துரைப்போம். அதனுள்ளே கிடக்கும் உலகியலை விட்டுவிடுவோம். அனுபவித்து வருதல், எழுத்து, கண்டோர் வாய்மொழி ஆகிய மூன்றுமே வழக்கினைத் துணியும் சான்றுகள் என்பதை அந்த அவை நன்கு அறிந்திருந்தது. வந்தவர் முதியவர் என்பதற்காக எவரும் இரங்கித் தீர்ப்பளிக்கவில்லை. மூல ஓலை கையிலிருந்தமையால் அவர் வென்றார்.

ஊவா மாகாணத்திலே இன்று முதுமையெய்தி நிற்கும் நம்மவர் கையில் எந்த ஓலை இருக்கிறது? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றேன்.

லயத்து முதியோரின் உடைமை

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதை எட்டியோர் அல்லது கடந்தோர். பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலும் மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களிலும் பிள்ளைகள் கொழும்புக்கும் அரபு நாடுகளுக்கும் பிழைப்பு நாடிச் சென்றுவிட, லயத்துத் திண்ணையிலே முதியோர் தனித்திருக்கும் காட்சி புதியதன்று.

அவர்கள் வாழும் காம்பிரா அவர்களுடையதன்று. பெருந்தோட்டக் காணிகள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாகி, 1992 இல் தனியார் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குக் கையளிக்கப்பட்டன. அண்மைக் காலத்திலே ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் பெற்ற குடும்பங்கள் உள. ஏனையோர்க்குக் குடியிருக்கும் உரிமை வழக்கத்திலே நிற்கின்றதேயன்றி உறுதியிலே நிற்பதன்று.

எனின், அவர்க்கு உடைமையே இல்லையோ? உண்டு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி நூற்றுக்கு எட்டும் தொழில் தருவோர் பன்னிரண்டும் செலுத்திச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதி ஒன்று. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி தொழில் தருவோர் மட்டும் நூற்றுக்கு மூன்று செலுத்தும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி மற்றொன்று. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குக் குறையாது உழைத்த நாட்சம்பளக்காரர்க்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட்சம்பளமாகக் கணக்கிட்டு, வேலை நீங்கிய முப்பது நாளுள் கொடுக்கவேண்டிய பணிக்கொடை மூன்றாவது. தோட்டத்து மக்கள் இதனைச் ‘சர்விஸ் பணம்’ என்பர். நாற்பதாண்டு கொழுந்து பறித்தவளுக்கும் பால் வெட்டியவனுக்கும் நோயிலும் மூப்பிலும் ஊன்றுகோலாவது இப்பணமே.

ஓர் ஒற்றின் விலை

இப்பணத்தைப் பெறுதற்கு முதல் வேண்டுவது பெயர். ஒரு தாயின் பெயர் முத்தம்மாள் என வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழிலே முத்தம்மாள், அடையாள அட்டையிலே முத்தம்மா, செக்றோலிலே முத்தாயி. தமிழிற் சொன்ன பெயரை ஒருவர் ஆங்கிலத்திலும் இன்னொருவர் சிங்களத்திலும் எழுத, மூன்றாமவர் அதனை மீண்டும் தமிழாக்க, ஒருத்தி மூவராகிவிடுகிறாள். மூவருள் யாருக்குப் பணம் கொடுப்பது என்று அலுவலகம் தயங்கும். வகுப்பறையிலே ஒற்றுப் பிழைக்கு ஒரு புள்ளி குறைக்கின்றோம். இங்கே அப்பிழை ஒருத்தியின் சோற்றைக் குறைக்கின்றது.

தம் காலாண்டிலே வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்துவதைக் காட்டிலும் அயலவர் கொண்டுவரும் கடிதங்களையும் படிவங்களையும் வாசித்துக் காட்டுவதிலே தோட்டத்துத் தமிழாசிரியர் பலர்க்கு மாலைப்பொழுது கழியும். யானும் அவருள் ஒருவன். அவற்றிலே யான் கண்டதொன்று: பெயர் வேறுபாட்டை வேலையிலிருக்கும் காலத்தே தீர்த்துக்கொண்டவர் மிகச் சிலர். ஒருவரே இருபெயரால் வழங்கப்படுகிறார் எனச் சமாதான நீதவான் முன்னிலையிலே சத்தியக் கடதாசி முடிப்பதும், பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பிப்பதும், தமக்குப்பின் சேமலாப நிதி யாருக்குரியது என்று நியமனம் செய்து வைப்பதும் நடந்து திரியும் காலத்திலே எளியன. பாயிற் கிடக்கும்போது அரியன. நியமனம் செய்யாது ஒருவர் மறைவாராயின், உரியவர் யார் என நிறுவும் சுமை துயருற்ற குடும்பத்தின்மேல் விழும்.

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையால் இரு நாட்டுக்கும் பங்கிடப்பட்டு, எஞ்சியோர் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரசைகளாகிய ஒரு மக்கட் கூட்டத்துக்குப் பத்திரத்தின் அருமையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் அப்பத்திரங்களைத் தகரப் பெட்டியிலே பூட்டி வைத்தலே காவல் என்று எண்ணியிருக்கின்றோம். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்தபோது லயங்கள் மண்ணுள் மறைந்தன. உயிரோடு வீடும், வீட்டோடு பெட்டியும் போயின. மூல ஓலைக்குப் படியோலை ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனின் மேலான பாடம் வேண்டா.

கொடுப்பதும் காப்பதும்

வீடும் காணியும் உடைய முதியோர்க்கு வரும் இடர் வேறு. இலங்கைச் சட்டப்படி நிலவுரிமை கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு முடித்த உறுதி வேண்டும். இது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. கையொப்பமிடுவோர் வாசிக்க அறியாராயின், அவ்வுறுதியை அவர்க்கு வாசித்து விளக்குதல் நொத்தாரிசின் கடமை. மொனராகலையிலே தமிழர் சிறுதொகையினர். உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்திலே எழுதப்படும். தமிழும் ஆட்சிமொழி என்று 1987 இல் அரசியலமைப்பிற் பொறிக்கப்பட்டதாயினும், கைந்நாட்டு இடும் விரலுக்குரியவர் கேளாவிடின் அம்மொழி அவர் செவிக்கு எட்டாது. “தமிழிலே சொல்லுங்கள், பிறகு விரல் வைக்கிறேன்” என்று கேட்டல் மரியாதைக் குறைவன்று.

முதியோர் பலர் தம் வீட்டை மகன் பெயருக்கு நன்கொடையாக எழுதிவிட்டு, இனி அவன் பார்த்துக்கொள்வான் என்று அமைதியடைகின்றனர். சேக்ஸ்பியர் நாடகத்து லியர் மன்னன் செய்ததும் இதுவே. நாட்டைப் பகுத்து மக்களிடம் ஒப்படைத்துவிட்டு, நூறு வீரரோடு மாறிமாறி அவர் மாளிகைகளிலே தங்குவதாக வாய்ச்சொல்லால் மட்டும் நிபந்தனை விதித்தான். நூறு ஐம்பதாகி, ஐம்பது இருபத்தைந்தாகி, ஈற்றிலே ஒருவனும் எதற்கு என்ற கேள்வி பிறந்தது. அவனை நம் ஊர் நொத்தாரிசு ஒருவரிடம் அழைத்துச் சென்றிருப்பின், சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுமாறு அவர் கூறியிருப்பார். சீவிய உரித்து ஒதுக்கிய நன்கொடையிலே உடைமை பிள்ளைக்குச் செல்லும். உயிருள்ளவரை அவ்வீட்டில் வாழ்தலும் அதன் பயனை நுகர்தலும் பெற்றோர்க்கே உரியன.

மரண சாதனமோ இன்னும் பாதுகாவலானது. நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அன்றேல் நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகள் முன்னிலையிலே அதனை முடிக்கலாம். எழுதியவர் இறக்கும்வரை அது எவர்க்கும் எதனையும் கொடாது. இடையே மாற்றவும் செய்யலாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை மலையகத் தமிழரைக் கட்டுப்படுத்துவதன்று. மரண சாதனமின்றி இறப்பவரின் உடைமையிலே, 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பாதி வாழ்க்கைத் துணைக்கும் எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாகவும் செல்லும். பத்தாண்டு மலசலம் எடுத்துப் பணிசெய்த மகளுக்கும் ஆண்டுக்கொருமுறை வந்துபோன மகனுக்கும் சட்டம் வேறுபாடு காணாது. அவ்வேறுபாட்டை அறிந்தவர் பெற்றவர் ஒருவரே. அவர் எழுதினாலன்றி அது உலகறியாது.

கொடுத்தபின் கைவிடப்பட்டால் வழியில்லையோ எனின், உண்டு. திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இலங்கைப் பாராளுமன்றமும் 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால், மீளப்பெறவியலாத நன்கொடை உறுதியையும் கொடிய நன்றிகேட்டின் காரணமாக நீதிமன்றத் தீர்ப்பின்மூலம் இரத்துச் செய்ய இடம் வகுத்தது. இந்தியாவிலே 2007 ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவும் இத்தகையது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரியாதவிடத்து மீட்க அது வழி செய்கிறது. ஆயினும் எழுபது வயதில் நீதிமன்றப் படியேறுவதினும் அறுபது வயதில் ஒரு வரி சேர்த்தெழுதுவது எளிது.

அறிவு மங்கும் முன்

முதுமையின் பெருந்துயர் மறதிநோய். அதற்கு நம் சட்டத்திலே ஒரு பெரிய இடைவெளி உளது. பிள்ளை ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து வைத்தால் போதும் என்று கற்றோரும் நம்புகின்றனர். கொடுத்தவரின் அறிவு மங்கியவிடத்து அவர் கொடுத்த அதிகாரமும் ஒழியும் என்பது முகவர்ச் சட்டத்தின் பழைய விதி. அஃதாவது, அப்பத்திரம் எப்போது மிக வேண்டப்படுமோ அப்போதே வலுவிழக்கும். இங்கிலாந்து 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், சிங்கப்பூர் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அறிவு தெளிவாக உள்ளபோது எழுதி வைத்து, அது மங்கியபின் செயற்படும் நிலைத்த அதிகாரப் பத்திரத்துக்கு இடங்கொடுத்தன. இலங்கையின் அற்றோணித் தத்துவக் கட்டளைச் சட்டம் 1902 இலே எழுந்தது. அத்தகைய பத்திரத்தை அது வகுக்கவில்லை.

ஆதலின் நம் நாட்டில் அறிவு மங்கியவரின் உடைமையை நடத்த வேண்டுவோர், 1889 ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்தை அணுகி, உடைமைக்கு முகாமையாளரும் ஆளுக்குப் பாதுகாவலரும் நியமிக்கப் பெறல் வேண்டும். அது காலமும் பொருளும் கொள்வது. வங்கிக் கணக்கை நம்பகமான ஒருவரோடு கூட்டாக வைத்தல், மருத்துவம் பற்றிய தம் விருப்பத்தைப் பிள்ளைகள் அனைவரையும் ஒருங்கிருத்திச் சொல்லி ஒரு தாளில் எழுதி வைத்தல் முதலியன முழுத் தீர்வாகா. எனினும் பின்னர் எழும் பூசலைத் தணிக்க அவை உதவும்.

ஏதும் எழுதாது முதுமையுற்றோரையும் சட்டம் முற்றாகக் கைவிட்டதன்று. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்றும், அவர்தம் தேவைகளைக் கவனித்தல் பிள்ளைகளின் கடமை என்றும் விதித்தது. தம்மைத் தாமே பேணவியலாத பெற்றோர் அச்சட்டத்தின்கீழ் அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்து, பிள்ளைகளிடமிருந்து கொடுப்பனவு கோரலாம். பிரதேச செயலகத்திலே இதற்கு வழி கேட்கலாம்.

எழுத்தும் அன்பும்

“பெற்ற பிள்ளையிடமே எழுதி வாங்குவதா? ஊர் என்ன சொல்லும்?” என்பர் நம்மவர். அன்புள்ள இடத்திலே ஆவணம் எதற்கு என்பதே இதன் கருத்து. இஃது உயர்ந்த எண்ணந்தான். ஆயின் புத்தூரிலே ஓலையொடு வந்த அம்முதியவர் யார்? வழக்கிட்டு வென்ற இறைவனே, பின்னர் நம்பியாரூரரைத் தம் தோழராக்கிக் கொண்டார். தம்பிரான் தோழர் என்னும் பெயர் அவர்க்கு வழங்குவது அதனாலன்றோ? ஓலை அங்கே உறவைக் கெடுக்கவில்லை; அதிலிருந்தே உறவு தொடங்கியது. எழுதி வைத்த வீட்டிலே பெற்றோர் அஞ்சி வாழ வேண்டுவதில்லை. பிள்ளைகளும் ஒருவரையொருவர் ஐயுற வேண்டுவதில்லை.

ஆசிரியர்களுக்கும் மேல்வகுப்பு மாணவர்களுக்கும் ஒன்று கூறி அமைகின்றேன். இந்த வார இறுதியிலே உங்கள் வீட்டிலும் அயலிலும் உள்ள மூத்தோர் ஒருவரின் பத்திரங்களை அவர் இசைவோடு எடுத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பதிவு ஆகிய மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? நியமனம் செய்யப்பட்டுள்ளதா? உறுதி இருப்பின், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்க்குத் தெரியுமா? வாசித்துக் காட்டுங்கள். வேறுபாடிருப்பின் அவரோடு பிரதேச செயலகத்துக்கு ஒருநாள் நடவுங்கள். நாம் கற்ற எழுத்துக்கு இதனினும் சிறந்த பயன் வேறு யாது?