டிராலியா, லாரியா?

அறுபத்தாறு வயதில் ஒருவன், அடுத்ததாக எந்த மண்பாதை மோட்டார் சைக்கிளை வாங்கலாம் என்று காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தால் வீட்டில் என்ன நடக்கும்? என் வீட்டில் மூன்று நாள் வெறும் ரசம்தான். வெளிநாட்டில் இருக்கும் மகள், "அப்பா, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போக ஒரு ஸ்கூட்டர் போதாதா?" என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். நாங்கள் இருப்பது ஜோகுபாளையத்தில் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். அல்சூர் ஏரிக்கரைக்கும் சோமேசுவரர் கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம்.

ஆனாலும் எனக்கு அந்த வண்டி தேவைப்பட்டது. ஏன் தேவைப்பட்டது, எப்படித் தீர்மானித்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். மகனுக்கோ பேரனுக்கோ இப்படி ஓர் ஆசை வந்திருக்கும் வாசகர்களுக்கு உதவக்கூடும்.

நான் டிப்ளமோ முடித்து 1982-ல் ரயில்வேயில் சேர்ந்தவன். இருப்புப் பாதைப் பராமரிப்பு என் வேலை. 2019-ல் ஓய்வு பெறும் வரை பாதி நாளைத் தள்ளு டிராலியிலும், மீதியைத் தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதையில் மோட்டார் சைக்கிளிலும் கழித்தேன். 1984-ல் வாங்கிய பழைய யெஸ்டிதான் முதல் வண்டி. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்தது. கியர் போடும் அதே கம்பியை மேலே திருப்பினால் உதைத்துக் கிளப்பும் கம்பியாகிவிடும். அந்தத் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. பிறகு 2012-ல் ஹீரோ இம்பல்ஸ் வாங்கினேன். 134 கிலோ, உயரமான வண்டி, ஆடு மாதிரி மேடு ஏறும். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் எனக்குப் புத்தி பெரிதாகிவிட்டது. இம்பல்ஸை விற்றுவிட்டு, ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள பெரிய வண்டி ஒன்றை வாங்கினேன்.

மண்பாதைக்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் பல ஆண்டுகள் டிராலிமேனாக இருந்தவர் பங்காருப்பேட்டைக்கு அப்பால், காமசமுத்திரம் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறார். எனக்கு மூத்தவர். பார்வை மங்கிவிட்டது. மாதம் ஒரு முறை போய் அவரோடு ஒரு வேளை சாப்பிட்டு வருவேன். பழைய மதராஸ் சாலையில் ஒசகோட்டை வழியாகப் போவதில் சிரமம் இல்லை. கடைசி ஆறு கிலோ மீட்டர்தான் ஏரிக்கரையும், பள்ளமும், உருட்டுக் கல்லும். மழைக்குப் பிறகு காரோ ஸ்கூட்டரோ அங்கே போகாது.

சென்ற ஆண்டு மாசி மாதம் அந்த ஏரிக்கரை இறக்கத்தில் விழுந்தேன். வேகம் பத்து கிலோ மீட்டர்கூட இருக்காது. முன் சக்கரம் மணலில் திரும்பியது, காலை ஊன்றினேன், தரை எட்டவில்லை. வண்டி என் இடது காலின் மேல் சாய்ந்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் காலை இழுக்கவும் முடியவில்லை. செல்போன் வண்டிப் பையில் இருந்தது. ஆடு மேய்க்கும் ஒரு பையனும் அவன் தாத்தாவும் வரும் வரை முக்கால் மணி நேரம் வெயிலில் கிடந்தேன். வண்டியில் எந்தக் குறையும் இல்லை. என்னால் தூக்க முடியாத ஒன்றை, ஆளில்லாத இடத்துக்குத் தனியாகக் கொண்டுபோனது என் பிழை.

நொண்டிக்கொண்டே போய் என் பழைய டிராலிமேனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "சார், டிராலிக்கு நாங்க நாலு பேர் இருந்தோம். இதுக்கு யாரு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ரயில்வே பொது விதிகளில் இதற்கு ஓர் இலக்கணமே உண்டு. நான்கு பேர் சேர்ந்து தண்டவாளத்திலிருந்து அப்படியே தூக்கி வைக்கக்கூடிய வண்டி டிராலி. அதைவிடக் கனமானது லாரி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். எதிரே ரயில் வரும்போது அதைப் பாதையை விட்டு எடுக்க முடியுமா என்பதே வேறுபாடு. அதனால்தான் லாரிக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகள் அதிகம். முப்பத்தேழு ஆண்டுகள் இந்த விதியைப் பிறருக்குப் பாடமாகச் சொன்னவன், சொந்தப் பணத்தில் ஒரு லாரியை வாங்கியிருக்கிறேன்!

வண்டியை விற்றேன். அடுத்தது எது என்ற கேள்வி எழுந்தது. என் மனைவி கடைசியில் வாய் திறந்தாள். "வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா வாசல்ல படுக்கப் போட்டு நீங்களே தூக்கிக் காட்டுங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை." நாற்பது ஆண்டுகளில் இதைவிட நல்ல பொறியியல் தேர்வை யாரும் எனக்கு வைத்ததில்லை. காட்டுப் பாதையில் வண்டி ஒரு முறையோடு விழுந்து நிற்பதில்லை அல்லவா?

மண்பாதை வண்டி ஏன் வேறுபடுகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரம் 21 அங்குலம் இருக்கும். சாதாரண வண்டியில் 17 அல்லது 18. சிறிய சக்கரம் கல்லில் முட்டி நிற்கும் இடத்தில் பெரிய சக்கரம் ஏறி இறங்கும். சக்கரத்தில் கம்பிகள் இருக்கும். அடி வாங்கினால் நெளியும், எளிதில் உடையாது. ஷாக் அப்சார்பர் ஏறி இறங்கும் நீளம் 200 மில்லி மீட்டரை ஒட்டி இருக்கும். எஞ்சினின் அடிவயிறு தரையிலிருந்து ஒரு சாணுக்குக் குறையாமல் உயர்ந்திருக்கும். இதற்கெல்லாம் விலை என்ன? இருக்கை உயர்ந்துவிடும். என்னைப் போல ஐந்தடி நான்கு அங்குலக்காரனுக்குக் கால் எட்டாது. எஞ்சின் பெரிதானால் எடை கூடும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று வழுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி மகன் தன் நண்பர்களின் வண்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தான். வாசலில் பழைய இலவம்பஞ்சு மெத்தையை விரித்தோம். சந்தே கூடிவிட்டது. எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்தது ராயல் என்பீல்டு ஹிமாலயன் 450. 2023-ல் வந்தது. 452 சி.சி., 40 குதிரைத் திறன், எடை 196 கிலோ. லடாக் வரை போக நினைப்பவருக்கு அருமையான வண்டி. இரண்டு முறை முயன்றேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. அடுத்து கே.டி.எம். 390 எண்டியூரோ ஆர். 177 கிலோ, இருக்கை உயரம் 860 மில்லி மீட்டர். ஒரு முறை தூக்கினேன், இரண்டாம் முறை மூச்சு வாங்கிற்று. ஏறி உட்கார்ந்தால் பெருவிரல்தான் தரையைத் தொட்டது. மூன்றாவது கவாசாகி கே.எல்.எக்ஸ். 230. எடை 139 கிலோதான். மூன்று முறையும் சுலபமாகத் தூக்கினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. ஆனால் இருக்கை 880 மில்லி மீட்டர். நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவேன் என்று தோன்றியது. கால் எட்டாமல் விழுந்தவனுக்கு அந்த உயரம் ஒத்துவராது.

நான்காவது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210. நீரால் குளிரும் புது எஞ்சின், 170 கிலோவை ஒட்டிய எடை. இரண்டு முறை முடிந்தது. மூன்றாம் முறை இடுப்பு வேண்டாம் என்றது. கடைசியாக வந்தது அதன் அண்ணன், 2022-ல் வாங்கிய எக்ஸ்பல்ஸ் 200 4வி. 158 கிலோ, இருக்கை 825 மில்லி மீட்டர், முன் சக்கரம் அதே 21 அங்குலம். திறன் 20 குதிரைக்குக் குறைவுதான். மூன்று முறை தூக்கினேன். மூன்றாம் முறை மெதுவாக, ஆனால் யார் கையும் படாமல். மனைவியைப் பார்த்தேன். "காபி போடறேன்" என்று உள்ளே போனாள். அதுதான் அனுமதி. அந்த வண்டியையே பழையதாக வாங்கிக்கொண்டேன்.

தூக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினை நிறுத்தி, வண்டியைக் கியரில் விடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள். ஹேண்டில் பாரைத் தரைப் பக்கம் முழுவதும் திருப்புங்கள். இருக்கையில் இடுப்பைக் கொடுத்து, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில் பாரில், ஒரு கை பின்சட்டத்தில். முதுகை வளைக்காமல், தொடை பலத்தால் பின்னோக்கிச் சிறு அடி வைத்து எழுங்கள். குனிந்து கையால் இழுப்பவர் மறுநாள் எலும்பு வைத்தியரிடம்தான் போவார்.

கூட்டத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், விளக்கே இல்லாத பந்தய டர்ட் பைக் வேண்டும் என்று தன் அப்பாவை நச்சரித்தான். பெற்றோர் கவனிக்க வேண்டும். கவாசாகி கே.எக்ஸ். போன்ற வண்டிகள் தனிப்பட்ட பந்தயத் திடலுக்கு மட்டுமே. பதிவு எண் கிடையாது, தெருவில் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. உரிம வயது வராத பிள்ளையிடம் பதிவுள்ள வண்டியைச் சாலையில் கொடுத்தாலும், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆர்வத்தை அடக்க வேண்டாம். நம் பெங்களூரு சி.எஸ். சந்தோஷ் 2015-ல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர் ஆனார். ஓசூர் டி.வி.எஸ். அணியைச் சேர்ந்த ஹரித் நோவா 2024-ல் அதே பந்தயத்தின் இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்தார். திடலில், பயிற்சியாளரோடு, தலைக்கவசமும் முழங்கால் காப்பும் அணிந்து பழகட்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதையும் சொல்லி வையுங்கள். காமசமுத்திரம் பக்கம் யானைகளும் நடமாடுகின்றன. அவற்றின் பாதையில் நமக்கு வேலையில்லை.

இப்போது எனக்கு இரண்டு நிபந்தனைகள். கடைசி ஆறு கிலோ மீட்டருக்குத் தனியே போவதில்லை, தம்பி மகன் கூட வருகிறான். செல்போன் சட்டைப் பையில். திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலையைத் தினமும் கடந்து போகிறவன், அந்த அதிகாரத்தின் பொருளை ஏரிக்கரை மணலில் கிடந்துதான் கற்றுக்கொண்டேன்.

சென்ற மாதம் வண்டியை டிராலிமேன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் தடவிப் பார்த்தார். பின்கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கியும் பார்த்தார். "இது டிராலிதான் சார், உள்ள வாங்க, சாப்பாடு ஆறுது" என்றார்.

சங்கத்து அன்பர்கள் யாராவது இப்படி வண்டி வாங்குவதாக இருந்தால் ஞாயிறு காலையில் வரலாம். மெத்தையை இன்னும் தூக்கிப் போடவில்லை.