பழைய டிராக்டரின் மதிப்பு

முத்தையாபுரத்து அங்கத்தினர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு யோசனை கேட்டார். வடநாட்டிலிருந்து வந்த பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறதாம். இழுவைப் போட்டிக்காக மாற்றியமைத்தது என்று கூறி, விற்பவர் கூடுதல் விலை கேட்கிறாராம். நிலத்தை ஈடு வைத்துக் கடன் பெற்று அதை வாங்கலாமா என்பதே கேள்வி. பலருக்கும் பயன்படுமாதலால் விடையை இங்கே விளக்குகிறோம்.

நம் மாவட்டத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் எப்படியோ, பஞ்சாப், அரியானா கிராமங்களில் டிராக்டர் இழுவைப் போட்டி அப்படி. ‘டோச்சன்’ என்று அதற்குப் பெயர். இரு டிராக்டர்களைப் பின்புறமாகப் பிணைத்து, எது எதனை இழுக்கிறது என்று பார்ப்பார்கள். இதற்கு எச்.எம்.டி. 5911 ரகத்தைப் பெரிதும் விரும்புகிறார்கள். அந்நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட 2016இல் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. புதிய வண்டி கிடையாது. ஆகையால் பழையதற்குக் கிராக்கி. ஆனால் அது போட்டி நடக்கும் ஊரின் விலை, நம் ஊரின் விலையன்று. அங்கும் அது நிலையானதன்று. சாகசம் செய்த ஒருவர் உயிரிழந்தபின், 2023 அக்டோபரில் பஞ்சாப் அரசு டிராக்டர் சாகசங்களுக்குத் தடை விதித்தது. ஓர் உத்தரவு வந்தால் இத்தகைய கிராக்கி குறைந்துவிடலாம்.

இனி, மாற்றம் என்பது யாதெனப் பார்ப்போம். டீசல் பம்பைத் திருத்தி எரிபொருளை மிகுதியாகச் செலுத்துகிறார்கள். சக்கரம் வழுக்காதிருக்க எடையை ஏற்றுகிறார்கள். இழுவை கூடுகிறது, ஆயின் எஞ்சினின் சூடும், கிளட்ச், கியர்ப்பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் மேல் விழும் பளுவும் கூடுகின்றன. போட்டி சில நிமிடம். உழவோ நாள் முழுவதும். போட்டிக்குச் சேர்த்த வலிமை உழவுக்குத் தேய்மானமே.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52ஆம் பிரிவையும் மறக்கலாகாது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுதல் கூடாது என்பது அதன் பொதுவிதி. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை பெறுவதிலும் தகராறு எழலாம்.

ஆகவே வாங்குமுன் இவற்றைச் செய்க. எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுக. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் புகையைக் கவனிக்க. கரும்புகை ஓயாவிடில் ஐயம் கொள்க. பின் அச்சில் விரிசலும் எண்ணெய்க் கசிவும் உண்டா, உப்புக் காற்றில் அடித்தகடுகள் அரித்துள்ளனவா என்று பார்க்க. தம் வயலிலேயே அரைநாள் உழுது டீசல் செலவை அளந்தறிக. பிறகு, மாற்றம் செய்யாத அதே வயதுடைய வண்டியின் விலையிலிருந்து, இதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கழிக்க. மிஞ்சுவதே நமக்கு மதிப்பு.

அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தவணை உண்டு. வயலில் வருமானம் இல்லை. தவணை தவறினால் போவது ஈடு வைத்த நிலம். ஆண்டில் சில நாளே உழவு வேலை உள்ளவர், வேளாண்மைப் பொறியியல் துறையில் மணிக் கணக்கில் வாடகைக்கு எடுப்பதே நலம். கேட்ட அங்கத்தினருக்கும் நாம் இதையே சொன்னோம்.