12 ஆண்டுகள் படுத்துக் கிடந்த யெஸ்டி
(நமது நிருபர்)

பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழ், கிழிந்த தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் 12 ஆண்டுகள் நின்றது. 250 சி.சி. யெஸ்டி. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்த என் தந்தை, சேமநல நிதியில் கடன் எடுத்து 1984-ல் வாங்கிய வண்டி. 2012-ல் அது நின்றது. அதே ஆண்டில் அவரும் போய்விட்டார்.

அதை நிற்க வைத்தவன் நான்தான். இதை 2024 வரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

மைசூரில் பிறந்தது

இந்த வண்டிகளின் சொந்த ஊர் மைசூர். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஐடியல் ஜாவா என்ற பெயரில் இரானி குடும்பத்தார் அங்கே தொழிற்சாலை தொடங்கினார்கள். 1961-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 1970-களில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி என்ற பெயர் வந்தது. 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018-ல் ஜாவா பெயரும், 2022-ல் யெஸ்டி பெயரும் மறுபடி கடைத்தெருவுக்கு வந்தன. ஆனால் புதியவை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். பழைய "டப்... டப்... டப்" அவற்றில் கிடையாது.

பழைய வண்டியில் இன்னொரு வேடிக்கை உண்டு. உதைத்து ஸ்டார்ட் செய்கிற கிக்கரும், கியர் போடுகிற லீவரும் ஒன்றே. உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். ஸ்டார்ட் ஆனதும் கீழே மடக்கினால் கியர். புதிதாக வருகிறவர்கள் கிக்கரைத் தேடித் தேடி அசந்துபோவார்கள்.

அன்று நடந்தது

தந்தை படுக்கையில் இருந்தார். மருந்து வாங்கி வர வண்டியை எடுத்தேன். டேங்க் வற்றியிருந்தது. பங்கில் பெட்ரோல் மட்டும் போட்டேன். ஆயில் ஊற்றவில்லை. ஒயிட்ஃபீல்டு தாண்டி ஏழெட்டு கிலோமீட்டர் போயிருப்பேன். எஞ்சின் கீச்சிட்டது. பின்சக்கரம் பிடித்துக்கொண்டு தரையில் இழுத்தது. கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டினேன். நியூட்ரலில் போட்டு வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

"என்னடா ஆச்சு?" என்று தந்தை கேட்டார்.

"பேட்டரி போலிருக்கு அப்பா" என்றேன்.

அப்புறம் இரண்டு மாதத்தில் மூன்று நான்கு முறை, "வண்டி ஸ்டார்ட் ஆச்சா?" என்று கேட்டார். "நாளைக்குப் பார்க்கிறேன்" என்பதே என் பதில்.

2024 தை மாதத்தில் வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்தபோது, எடைக்குப் போட்டுவிடலாம் என்று என் தங்கை கணவர் பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்துவிட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பினேன்.

பாய் கண்டுபிடித்தார்

சிவாஜிநகரில் ஒரு மெக்கானிக். எழுபதைத் தாண்டியவர். வாணியம்பாடிப் பக்கம் பூர்வீகம். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் 'பாய்' என்றே எழுதுகிறேன்.

வண்டியைச் சின்ன டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். கிக்கர் அசையவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசல் ஊற்றி, "நாலு நாள் கழிச்சு வா தம்பி" என்றார் பாய். ஐந்தாம் நாள் பிஸ்டன் இளகியது. சிலிண்டரைத் தூக்கினார். பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் பிறாண்டியது போல நீளக் கோடுகள். சிலிண்டர் சுவரிலும் அதே கோடுகள்.

"ஆயில் இல்லாம ஓட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் பாய்" என்றேன். முதன்முதலாக வாய் திறந்து சொன்னது அங்கேதான்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் தனியாக அடியில் தேங்கி நின்று எஞ்சினை நனைக்கிறது. டூ ஸ்ட்ரோக் அப்படி அல்ல. பிஸ்டன் மேலே ஏறும்போது, கீழே உள்ள கிராங்க் அறை பெட்ரோலையும் காற்றையும் உறிஞ்சுகிறது. இறங்கும்போது அதை அழுத்தி மேலே அனுப்புகிறது. பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சாப்பாடு. அது வராவிட்டால் சூட்டில் பிஸ்டன் பருத்துச் சிலிண்டரைக் கவ்விவிடும். ஏழெட்டு கிலோமீட்டர் போதும்.

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார் பாய். ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தால் பரவாயில்லையாம். மேலும் கீழும் அசைந்தால் கிராங்கையே பிரிக்க வேண்டுமாம். பிழைத்தேன். சிலிண்டரை அரை மில்லிமீட்டர் கடைந்து, 65 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 65.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். பிஸ்டனுக்காகக் கலாசிபாளையத்திலும் ஜே.சி. ரோட்டிலும் மூன்று சனிக்கிழமை அலைந்தேன்.

சைலன்சருக்குள் கரி அடைத்துக் கிடந்தது. எக்ஸாஸ்ட் வழியிலும் அப்படியே. சுரண்டி எடுத்தபோது ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய வந்தது. டூ ஸ்ட்ரோக்கில் வெளியே போகிற வழி அடைத்தால் உள்ளே வருவதும் நின்றுவிடும். "வண்டி இழுக்கலைன்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதுதான் வியாதி" என்றார் பாய்.

எஞ்சின் பிரிந்து கிடக்கும்போதே, "கிராங்க் ஆயில் சீலையும் மாத்திடலாம் தம்பி, ரப்பர் இறுகிப் போயிருக்கும்" என்றார். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வேண்டாம் என்றேன். சம்பளக்காரன் புத்தி.

புகையும் பொறியும்

சித்திரையில் ஒரு ஞாயிறு காலை ஐந்தாவது உதையில் வண்டி பேசியது. அடுத்த நிமிடம் தெருவே தெரியவில்லை. கொசு மருந்து அடித்தது போல வெள்ளைப் புகை. ஆரம்பத்தில் புகை வரும், அடங்கிவிடும் என்று நான் நினைத்தேன். இரண்டு நாளாகியும் அடங்கவில்லை. பாய் கியர்பாக்ஸ் ஆயிலை அளந்து பார்த்தார். ஊற்றியதில் கால் பங்கு காணோம்.

இடது பக்கச் சீல்தான் காரணம். அந்தப் பக்கம் கிளட்சும் கியர்பாக்ஸ் ஆயிலும் இருக்கின்றன. கிராங்க் அறை உறிஞ்சும்போது, இறுகிப்போன சீல் வழியாகக் கியர் ஆயிலும் உள்ளே போய் எரிகிறது. வலது பக்கச் சீல் போனால் புகை வராது. காற்று உள்ளே போகும். ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் இரையும், பிளக் வெளுக்கும், மறுபடி பிஸ்டன் பிடிக்கும். அது இன்னும் ஆபத்து. இரண்டு சீலையும் மாற்றினோம். எஞ்சினை இரண்டாம் முறை இறக்கிய கூலி என் கணக்கில்.

அத்தோடு முடிந்ததா? பத்து கிலோமீட்டர் ஓடினால் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இக்னிஷன் காயில்தான் என்று நானே முடிவு கட்டிப் புதிது வாங்கிப் போட்டேன். பணம் போனதுதான் மிச்சம். பாய் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். பழைய மெட்ராஸ் ரோட்டில் நின்றதும் பிளக்கைக் கழற்றினார். நனைந்திருந்தது, ஆகவே பெட்ரோல் வருகிறது. பிளக்கை எஞ்சின் மேல் வைத்து உதைக்கச் சொன்னார். நீலமாக அடிக்க வேண்டிய பொறி மஞ்சளாக மினுக்கியது. மூடியைத் திறந்து காட்டினார். பிளாட்டினம் பாயின்ட் கறுத்து, அங்கேயே பொறி பறந்தது. "கண்டன்ஸர். சூடானா செத்துடும், ஆறினா உயிர் வந்துடும்" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அங்கேயே மாட்டினார். பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தார். அதன் பிறகு வண்டி நடுவழியில் நின்றதில்லை.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். வாரக்கணக்கில் எடுக்காத வண்டி என்றால் டேங்கில் விட்டு வைக்கக் கூடாது என்பது பாயின் கண்டிப்பு. ஆர்.சி. விஷயமும் உண்டு. இறந்தவர் பெயரிலிருந்து மாற்ற 31-ம் நம்பர் பாரம், புதுப்பிக்க 25-ம் நம்பர் பாரம். குமாஸ்தாவான எனக்கே நான்கு நடை ஆயிற்று. 2021-ல் வந்த பழம்பெரும் வண்டிகள் விதி 50 ஆண்டு தாண்டியவற்றுக்குத்தான். எங்கள் வண்டிக்கு 2034 வரை பொறுக்க வேண்டும்.

அம்மா சொன்னது

வண்டி வீட்டுக்கு வந்த அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். பேட்டரி இல்லை, ஆயில் ஊற்றாமல் ஓட்டினேன் என்று.

"அவருக்குத் தெரியும்டா" என்றார் அம்மா. "அன்னைக்கே நீ தூங்கின பிறகு சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போயி டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாரு. வெறும் பெட்ரோல்னு சொன்னாரு."

"அப்புறம் ஏம்மா தினம் கேட்டாரு?"

"நீயா சொல்லுவேன்னுதான்."

இப்போது லிட்டருக்கு 40 மில்லி கணக்கில், மருந்து அளக்கிற குப்பியால் அளந்து ஊற்றுகிறேன். குப்பி எப்போதும் டூல் பாக்ஸில் இருக்கிறது. புதுப் பிஸ்டன் பழக 1,000 கிலோமீட்டர் வேண்டுமாம். அதுவரை 40-க்கு மேல் வேகம் கூடாது, பின்னால் ஆளும் ஏற்றக்கூடாது. 380 ஓடியிருக்கிறது. அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு எப்போது கூட்டிப் போவாய் என்று அம்மா தினமும் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்.