இரண்டு ஹார்லெம்: எரிந்து மீண்ட ஒரு காற்றாலை

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி கடந்து, வேலணை வழியே புங்குடுதீவின் மேற்குக் கரையை நோக்கித் துவிச்சக்கரவண்டியிற் செல்வோன் முதலில் அறிந்துகொள்வது காற்றின் வலிமையையே. சோளகம் வீசும் மாதங்களில் இருபுறமுங் கடலாயிருக்க, எதிர்க்காற்றில் ஒவ்வொரு மிதியும் ஓர் உழைப்பாகும். முடிவிற் குறிகட்டுவான் இறங்குதுறையில் வண்டியை நிறுத்தி நோக்கினால், எதிரே நயினாதீவு தோன்றும்.

1658ஆம் ஆண்டு முதல் 1795ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் எனப் பெற்றது. தீவு மக்கள் இப்பெயர்களைப் பொருட்படுத்தினாரல்லர். நெடுந்தீவின் டெல்வ்ற் என்னும் பெயரொன்றே ஆங்கில வழக்கில் இன்றும் எஞ்சியுள்ளது.

பெயர் கொடுத்த ஹார்லெம் நகரிலே, ஸ்பார்னே ஆற்றங்கரையில், அட்ரியான் என்னும் காற்றாலை நிற்கின்றது. அட்ரியான் தே போயிஸ் என்பவர் பழைய மதிற்கோபுரம் ஒன்றின் அடித்தளத்தின்மீது 1779இல் அதனை எழுப்பினார். காற்றாலையென்றதும் மாவரைப்பதே நம் நினைவுக்கு வரும். இவ்வாலையோ முதலில் அரைத்தது எரிமலைக் கல்லை. அக்கல்லின் தூளைச் சுண்ணாம்போடு சேர்த்தால் நீருக்குள்ளும் இறுகும் சாந்து கிடைக்கும். நீரோடு ஓயாது போராடும் நாட்டில் அதன் தேவைக்குக் கேட்பானேன்? பின்னர் அவ்வாலை புகையிலைத் தூள் அரைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தானிய ஆலையாயிற்று.

அதன் இயக்கம் எளிது. ஆனால் இயக்குதல் எளிதன்று. நான்கு மரச்சிறைகளின் சட்டங்கள்மீது பாய்த்துணி விரிக்கப்படும். காற்று மிகுந்தால் துணியைச் சுருக்குவர், குறைந்தால் விரிப்பர். இது நம் கடலோடிகளுக்குப் புதிதன்று. காற்றின் திசை மாறுந்தோறும், பின்புறத்து நெடுமரத்தைப் பற்றி ஆலையின் தலைப்பகுதி முழுவதையும் திருப்புதல் வேண்டும். சிறைகளின் சுழற்சி பெரியதொரு மரப்பற்சக்கரத்தால் நடுத்தண்டுக்கு மாறி, அதன்வழி அரைகல்லை அடையும். புயல் வருமுன் அதனை முகிலிற் கண்டு தடைபோடத் தெரியாதவன் கையில் ஆலை நெருப்புக்கு இரையாகும். அடங்காது சுழலும் சக்கரத்தைத் தடைக்கட்டை அழுத்தினால் உராய்விலேயே தீ மூளும்.

1923இல் தோன்றிய ஒல்லாந்து ஆலைகள் பாதுகாப்புச் சங்கம், இடிபட இருந்த அட்ரியானை 1925இல் வாங்கிக் காத்தது. எனினும் 1932 ஏப்பிரல் 23ஆம் நாள் அது எரிந்தழிந்தது. மீளக் கட்டுவதற்கு அப்பொழுதே பணந் திரட்டத் தொடங்கினர். பொருளாதார மந்தமும் அதன்பின் உலகப்போரும் குறுக்கிட்டன. ஆற்றங்கரையில் அடித்தளம் வெறுமையாய்க் கிடந்தது. இறுதியில், எரிந்த நாளிலிருந்து சரியாக 70 ஆண்டுகள் கழித்து, 2002 ஏப்பிரல் 23ஆம் நாள் அவ்வாலை மீண்டுந் திறக்கப்பட்டது.

புதிய மரத்தால் எழுந்ததைப் பழைய ஆலை எனல் பொருந்துமோ என ஐயுறுவார் உளர். ஐயம் நியாயமானதே. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் கட்டடம் பின்னர் புதுக்கப்பட்டது. எரிந்த ஏட்டுச்சுவடிகளோ திரும்பவில்லை. ஒன்றே ஒன்றாயிருந்த பொருளை எவ்வளவு செல்வமும் மீட்டுத் தராது. ஆலையின் நிலை வேறு. அதனுள் இருந்த அறிவு அந்த ஒரு கட்டடத்தோடு மடியவில்லை. நாடெங்கும் ஏனைய ஆலைகளிலே அது வாழ்ந்துகொண்டிருந்தது. தொழில்முறை ஆலையர் அருகிவருவதைக் கண்டு, ஊதியமின்றிப் பணிபுரியும் ஆலையர்க்கென ஒரு கழகத்தை 1972இல் நிறுவினர். அலுவலரும் ஆசிரியரும் பயின்று, தேர்வெழுதி, ஓய்வுநாளிற் சிறைகளைச் சுழற்றுகின்றனர். ஆலையரின் இக்கைவினையை யுனெஸ்கோ நிறுவனம் 2017இல் மனிதகுல மரபுச்செல்வப் பட்டியலிற் சேர்த்தது. பட்டியலிற் சேர்ந்தது கட்டடமன்று, கைவினையே என்பது கருதத்தக்கது.

ஒல்லாந்து மேடுபள்ளமற்ற நாடாதலின் துவிச்சக்கரவண்டியில் ஆலை காணச் செல்வது அங்கு பெருவழக்கு. அங்கும் பகை காற்றே. வண்டியிற் செல்வோர் தொலைவிலிருந்தே ஆலையில் நீலக் கொடி பறக்கின்றதா எனப் பார்ப்பர்; பறந்தால் உள்ளே செல்லலாம் என்பது பொருள். நிறுத்திய சிறைகளும் பேசும். கீழ்ச்சிறை தன் தாழ்ந்த நிலையை எட்டுமுன் நிறுத்தப்பட்டிருப்பின் மகிழ்ச்சி. அதனைக் கடந்து நிறுத்தப்பட்டிருப்பின் துக்கம்.

நயினாதீவாகிய நம் ஹார்லெமில் ஒல்லாந்துக் காற்றாலை இல்லை. ஆனால் அதே கேள்வி இங்கும் உண்டு. நெடுந்தீவில் ஐரோப்பியர் காலத்துக் கோட்டை சிதைந்து கிடக்கின்றது. அதன் அருகே முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள் இன்றும் நிற்கின்றன. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் போரினால் இத்தீவுகளைவிட்டு நீங்கினோர் பலர். கோட்டையைப் புதுக்க வெளிநாட்டிலிருந்தும் பொருள் பெறலாம். எந்தக் கல்லின்மேல் எந்தக் கல் அமரும் என்பதைக் கையாலறிந்த முதியோரிடம் அதனைக் கேட்டுப் பயிலவோ, நெடுந்தீவுப் படகில் இன்று ஏறும் இளைஞர் சிலர் போதும்.