மிஞ்சிய வான்கோழியும் மைனஸ் மூன்றும்

1981 நவம்பர் 27. அமெரிக்காவில் அதற்கு முந்தைய நாள்தான் ‘நன்றி தெரிவிக்கும் நாள்’ பண்டிகை. அன்று வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து நடக்கும். மறுநாள், நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் ஐ.பி.எம். ஆய்வகத்துக்கு ரங்கசாமி சீனிவாசன் என்ற வேதியியலாளர் மிஞ்சிய வான்கோழிக் கறியை எடுத்துக்கொண்டு வந்தார். மதியம் சாப்பிட அல்ல, லேசர் பாய்ச்சிப் பார்க்க!

சீனிவாசன் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவரும், கூட வேலை பார்த்த ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் இருவரும் எக்ஸைமர் என்ற லேசரைக் கையில் வைத்திருந்தார்கள். அதன் அலைநீளம் 193 நானோமீட்டர். புற ஊதாக் கதிர் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கை அது அழகாகச் செதுக்கும் என்று ஏற்கெனவே தெரியும். உடம்பின் தசையை என்ன செய்யும்?

பாய்ச்சினார்கள். கறியில் சுத்தமான பள்ளம் விழுந்தது. ஓரம் கொஞ்சமும் கருகவில்லை. பச்சை நிற லேசரைப் பாய்ச்சினால் அதே கறி தீய்ந்துபோனது. ஏன் இந்த வித்தியாசம்? எக்ஸைமர் கதிர், மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்புகளையே அறுத்துவிடுகிறது. அறுந்த துணுக்குகள் சூட்டையும் சேர்த்துக்கொண்டு பறந்துவிடுகின்றன. பக்கத்துத் தசைக்குச் சூடு பரவ நேரமே இல்லை.

கருகாமல் செதுக்கலாம் என்றால் கண்ணிலும் செதுக்கலாமே! கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோகெல் இவர்களோடு சேர்ந்தார். பல வருட ஆராய்ச்சிக்குப் பிறகு, கண்ணாடியைக் கழற்றி வைக்க உதவும் லேசர் சிகிச்சை வந்தது. சீனிவாசன், வைன், பிளம் மூவரின் கண்டுபிடிப்புக்காக 2013இல் அதிபர் ஒபாமா வெள்ளை மாளிகையில் பதக்கம் கொடுத்தார்.

சரி பிள்ளைகளே, கண்ணில் எதைச் செதுக்குகிறார்கள்?

கண்ணின் முன்பக்கம் ஒளி ஊடுருவும் படலம் ஒன்று இருக்கிறது. பெயர் கார்னியா. அதன் பருமன் நடுவில் அரை மில்லிமீட்டர்தான். ஆனால், வெளிச்சத்தை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை அதுதான் செய்கிறது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குக் கண்கோளம் சற்று நீண்டிருக்கும். அதனால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். கரும்பலகை மங்கலாகத் தெரியும். கார்னியாவின் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினால், பிம்பம் பின்னால் நகர்ந்து சரியான இடத்தில் விழும்.

எவ்வளவு செதுக்க வேண்டும்? ஒரு பவருக்கு ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான். கண்ணாடியின் பவர் மைனஸ் மூன்று என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். 36 முதல் 45 மைக்ரான் வரும். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை!

‘லேசிக்’ என்ற லேசர் சிகிச்சை முறையில் ஊசி கிடையாது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போக வைப்பார்கள். இமை மூடாமல் இருக்க ஒரு சிறு கம்பி. பிறகு கார்னியாவின் மேலடுக்கை மெல்லிய ஏடாக வெட்டி, புத்தக அட்டையைத் திறப்பதுபோல ஒரு பக்கமாகத் திருப்புவார்கள். மேலே ஒரு விளக்கு மினுக்கும். அதையே பார்க்க வேண்டும். கண் லேசாக அசைந்தாலும் கருவி பின்தொடர்ந்து குறி பார்க்கும். டக் டக் என்று சத்தம், முடி கருகுவது போன்ற வாடை. பயப்பட வேண்டாம், எதுவும் எரியவில்லை. பறந்துபோகும் துணுக்குகளின் வாடைதான் அது. மைனஸ் மூன்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஏட்டை மறுபடி மூடிவிடுவார்கள். தையல் தேவையில்லை. கார்னியாவின் உள்பக்கச் செல்கள் ஓயாமல் நீரை வெளியே இறைக்கின்றன. அந்த உறிஞ்சலில் ஏடு தானாக ஒட்டிக்கொள்ளும்.

லேசர் வேலை முடிந்தது. கண்ணின் வேலை இனிமேல்தான்.

அன்று எரிச்சல் இருக்கும். கண்ணில் நீர் வடியும். மறுநாள் காலையில் பெரும்பாலானவர்களுக்குச் சுவர்க் கடிகாரம் தெளிவாகத் தெரியும். பழக்க தோஷத்தில் கை மட்டும் மேஜையில் கண்ணாடியைத் தேடும். ஆனால் கண்ணைக் கசக்கவே கூடாது, ஏடு நகர்ந்துவிடும். தூக்கத்தில் கை படாமல் இருக்கக் கண்மேல் மூடி போட்டுக்கொள்ள வேண்டும். சில வாரங்களுக்கு நீச்சல் கிடையாது.

இன்னொன்று, கண் வறண்டுபோகும். கார்னியாவில் நிறைய நரம்பு நுனிகள் இருக்கின்றன. ‘கண் காய்கிறது, கண்ணீர் அனுப்பு’ என்று மூளைக்குச் சொல்வது அவைதான். ஏட்டை வெட்டும்போது அவையும் அறுபடுகின்றன. தகவல் போகாவிட்டால் கண்ணீர் எப்படி வரும்? நரம்புகள் திரும்ப வளரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுதான் துணை. இரவில் தெருவிளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் தெரியலாம். இருட்டில் கண்ணின் பாப்பா விரியும்போது, செதுக்காத ஓரத்தின் வழியாகவும் வெளிச்சம் நுழைவது அதற்கு ஒரு காரணம். நாளாக நாளாகப் பலருக்கு இது குறைந்துவிடும். சிலருக்கு வறட்சியும் ஒளிவட்டமும் நீடிப்பதுண்டு.

வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியே வேண்டாமா? அப்படியும் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற விறைத்துக்கொண்டே வரும். நாற்பது வயதுக்கு மேல் செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். லேசிக் தொட்டது கார்னியாவை மட்டும்தானே!

“எனக்கு இப்பவே பண்ணலாமா?” என்று கேட்கிறீர்களா? முடியாது. உடம்போடு சேர்ந்து உங்கள் கண்கோளமும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இன்று மைனஸ் மூன்றுக்குச் செதுக்கினால், அடுத்த வருடம் மைனஸ் நான்கு வந்து நிற்கலாம். அதனால் பதினெட்டு வயது முடிந்து, ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருந்தால்தான் மருத்துவர்கள் யோசிப்பார்கள். கார்னியா மெலிந்தவர்களுக்கு அப்போதும் செய்யமாட்டார்கள்.

அதுவரை மூன்று வேலைகள். கண்ணாடியைக் கழற்றாமல் போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்யுங்கள். தினமும் இரண்டு மணி நேரமாவது பகல் வெளிச்சத்தில் விளையாடுங்கள். வெளியில் அதிகம் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. “எந்நேரமும் தெருவில் என்ன ஆட்டம்?” என்று அம்மா கேட்டால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வீட்டுப்பாடத்தை மட்டும் முடித்துவிட்டுக் காட்டுங்கள்!