அழிக்குமுன் ஆராய்வோம்: வீட்டுக் கணினியும் லினக்ஸ் பழுதுகளும்

நீரிறைக்கும் இயந்திரம் ஒரு காலையில் இயங்க மறுத்தால் எவரும் அதைத் தூக்கி எறிவதில்லை. எண்ணெய் இருக்கின்றதா என்று பார்க்கின்றோம். பிளக்கைக் கழற்றித் துடைக்கின்றோம். குழாய் எங்காவது காற்று இழுக்கின்றதா என்று தடவிப் பார்க்கின்றோம். இவ்வாறு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும்போது பழுது ஓரிடத்தில் அகப்படுகின்றது.

ஆனால், கணினி நின்றுவிட்டால் பல வீடுகளில் இந்தப் பொறுமை காணாமற் போகின்றது. அது கடைக்குப் போகின்றது. "போர்மற் பண்ணவேண்டும்" என்ற பதில் வருகின்றது. கணினி புதிதுபோலத் திரும்பி வரும். அதனுள் இருந்த காணி உறுதியின் பிரதியும், பிள்ளைகளின் சான்றிதழ்களும், மறைந்த பெற்றோரின் படங்களும் திரும்பி வருவதில்லை. மூலப் பத்திரங்களை ஏற்கனவே இழந்த குடும்பத்திற்கு அந்தப் பிரதிகளே மிஞ்சிய சாட்சியமாக இருக்கலாம். ஆகவே, பழுது எங்கே என்று அறியாமல் எதையும் அழிக்க இணங்கக்கூடாது.

லினக்ஸ் ஏன்?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11இன் நிபந்தனைகளுக்குப் பொருந்துவதில்லை. இத்தகைய கணினிகளுக்கு மறுவாழ்வு கொடுக்கக்கூடியது லினக்ஸ். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991இல் இதனை வெளியிட்டார். உபுண்டு, மின்ட் போன்ற அதன் வடிவங்களைப் பணமின்றிப் பெறலாம். ஆனால், பழுது வராத இயந்திரம் எதுவுமில்லை. லினக்ஸும் சில நாட்களில் முரண்டு பிடிக்கும்.

முதலில் மூன்று கேள்விகள்

ஒன்று: கடைசியாக எது மாறியது? நேற்று இயங்கியது இன்று இயங்கவில்லை என்றால், இடையில் ஏதோ நடந்திருக்கின்றது. மின்சாரம் நின்றதா, புதிய மென்பொருள் சேர்க்கப்பட்டதா, பெட்டி இடம் மாற்றப்பட்டதா என்று வீட்டிலுள்ள அனைவரிடமும் கேளுங்கள்.

இரண்டு: திரையில் என்ன எழுதியிருக்கின்றது? ஆங்கிலம் விளங்காவிட்டாலும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். லினக்ஸ் தன் நோயைத் தானே சொல்லும் பழக்கமுடையது.

மூன்று: பழுது எந்த எல்லைக்குள் இருக்கின்றது? வாய்க்காலில் நீர் வராதபோது, எந்த மடைவரை வந்தது என்று பார்ப்பதைப் போன்றது இது.

இவற்றுடன் ஒரு விதியும் உண்டு. ஒரு தடவையில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்யவேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றினால், எது திருத்தியது, எது கெடுத்தது என்று எவருக்கும் தெரியாது.

கோப்புகளைக் காத்தல்

கணினி தொடங்காவிட்டாலும், கோப்புகள் பெரும்பாலும் வன்தட்டில் அப்படியே இருக்கும். லினக்ஸை 8 ஜிகாபைற் பென்டிரைவ் ஒன்றில் பதிந்து, அதிலிருந்தே கணினியைத் தொடக்கலாம். இப்படிப் பதியும்போது பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால், வெறுமையானதையே எடுங்கள். தொடங்கியதும், நிறுவச் சொல்லும் படத்தைத் தொடாமல், வன்தட்டைத் திறந்து முக்கியமான கோப்புகளை இன்னொரு பென்டிரைவுக்குப் பிரதி செய்யுங்கள். வேறெந்தத் திருத்தமும் இதற்குப் பின்னரே.

கடவுச்சொல் சரி, ஆனால் உள்ளே போகவில்லை

கடவுச்சொல்லைக் கொடுத்ததும் திரை ஒருமுறை கறுத்து, மீண்டும் கடவுச்சொல்லையே கேட்கின்றதா? வன்தட்டு நிரம்பியிருப்பது இதற்கான காரணங்களுள் ஒன்று. கொன்ட்ரோல், ஓல்ட், எவ்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் எழுத்துத்திரை ஒன்று வரும். அதில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தபின், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டி, எவ், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, எச் என்று தட்டி என்ரர் அழுத்துங்கள். ஒவ்வொரு பகுதியும் எத்தனை வீதம் நிரம்பியுள்ளது என்ற பட்டியல் வரும். 100 வீதம் என்று இருந்தால் நோய் அகப்பட்டது. பென்டிரைவிலிருந்து தொடக்கி, பெரிய திரைப்படக் கோப்புகளை வெளியே நகர்த்தினால் வழி திறக்கும்.

மின்சாரம் திடீரென நின்றபின்

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், வன்தட்டின் கணக்குப் புத்தகம் குழம்பக்கூடும். லினக்ஸ் தொடங்கும்போது சிறு குழப்பங்களைத் தானே சரிசெய்யும். முடியாதபோது கறுப்புத்திரையில் நின்று, எந்தப் பகுதியைச் சோதிக்கவேண்டும் என்று அதன் பெயருடன் கேட்கும். அந்தச் சோதனைக் கட்டளை எவ்.எஸ்.சி.கே. எனப்படும். பாவனையிலுள்ள பகுதியில் இதை ஒருபோதும் ஓட்டக்கூடாது, சேதம் கூடிவிடும். வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என்று புதிய ஓசை கேட்டால், சோதனையும் வேண்டாம். உடனே நிறுத்திவிடுங்கள். அது இயந்திரப் பழுது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நிலைமை மோசமாகலாம். கோப்புகள் பெறுமதியானவை என்றால், தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

புதுப்பித்தல் பாதியில் நின்றால்

மென்பொருட்களைப் புதுப்பிக்கும்போது கணினி அணைந்தால், அடுத்த தடவை எதையும் நிறுவ மறுக்கும். உபுண்டுவிலும் மின்டிலும் அந்த மறுப்புச் செய்தியிலேயே தட்டவேண்டிய கட்டளை எழுதப்பட்டிருக்கும். அதை அப்படியே தட்டினால் விடுபட்ட வேலை முடிந்துவிடும். "வேறொரு வேலை நடக்கின்றது" என்ற செய்தி வந்தால் சிறிது நேரம் காத்திருப்பதே மருந்து.

புதுப்பித்த பின்னர் கணினி தொடங்கவே மறுத்தால், தொடக்கப் பட்டியலில் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" என்ற வரியைத் தெரிவுசெய்யுங்கள். லினக்ஸின் மையமான கேர்னலின் முந்திய பதிப்பு அங்கே வைக்கப்பட்டிருக்கும். அதில் தொடங்கினால், பழுது புதிய கேர்னலில் என்பது உறுதி.

இணையம் இல்லை என்றால்

அதே வைபையில் கைத்தொலைபேசி வேலை செய்கின்றதா? இல்லையென்றால் கணினியில் குற்றமில்லை. வேலை செய்தால், கணினியில் "பிங்" கட்டளையுடன் 1.1.1.1 என்ற இலக்கத்தைத் தட்டுங்கள். பதில் வந்து, தளங்களின் பெயர்கள் மட்டும் திறக்காவிட்டால், பெயரை இலக்கமாக மாற்றும் டி.என்.எஸ். ஒழுங்கில்தான் பழுது. வைபையே தெரியாவிட்டால், தொலைபேசியைக் கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து, தேவையான துணை மென்பொருளை இறக்கலாம்.

இணையம் இருந்தும் எல்லாத் தளங்களும் "பாதுகாப்பற்றது" என்று மறுத்தால், திகதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் நிற்கலாம். மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் திகதி பிழைத்தால், உள்ளேயுள்ள நாணய வடிவப் பற்றரி தீர்ந்திருக்கும். மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அது சி.ஆர். 2032 வகை. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, நேரம் சரியாக 5½ மணித்தியாலம் பிழைத்தால் பற்றரியில் குறையில்லை. கணினிக் கடிகாரத்தை ஒன்று உள்ளூர் நேரமாகவும், மற்றது உலகப் பொது நேரமாகவும் கொள்வதால் வரும் வித்தியாசம் அது.

தமிழ் எழுத்துகள் மாறித் தெரிந்தால்

எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிந்தால், தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள். நோட்டோ தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் போதும். பழைய கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கலாம். எழுத்துருவைச் சேர்த்தோ, யுனிகோட்டுக்கு மாற்றியோ வாசிக்கலாம். இரண்டிலும் கோப்பு பழுதாகவில்லை. "கெட்டுவிட்டது" என்று அழித்துவிடாதீர்கள்.

ஒரு கொப்பி போதும்

கணினிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியை வையுங்கள். திகதி, வந்த செய்தி, செய்த மாற்றம், கிடைத்த பயன் ஆகிய நான்கையும் எழுதுங்கள். அதே பழுது மறுபடி வரும்போது, வீட்டுப் பிள்ளையே அதைப் பார்த்துத் திருத்தும். பத்திரங்களின் பிரதிகள் இரண்டு பென்டிரைவுகளில் இருக்கட்டும். ஒன்று வேறொரு வீட்டில் இருப்பது மேலும் பாதுகாப்பு. கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால், கொப்பியையும் கொண்டுபோய், "முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள், அதன்பின் மற்ற வேலை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.