எலும்புக்குக் கொழுப்பு அனுப்பும் மெசேஜ்

போன மாசம் ஊருக்குப் போனப்போ பெரியம்மா ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்தியிருந்தாங்க. முதுகுத்தண்டில் ஃப்யூஷன் ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. "உடம்பு இளைச்சாத்தான்டா எலும்பு சீக்கிரம் சேரும்"னாங்க. எனக்கும் முதலில் சரியென்றுதான் பட்டது. எடை குறைந்தால் லோடு குறையும், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. ஃப்யூஷனில் ரெண்டு முள்ளெலும்புகளை ஸ்க்ரூ, கம்பி போட்டு நிறுத்துவார்கள். பல சமயம் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டுகளை அங்கே வைப்பார்கள். ஸ்க்ரூ வெறும் சென்ட்ரிங் பலகை மாதிரி. கான்கிரீட் இறுகுவதுபோல புது எலும்பு வளர்ந்து ரெண்டையும் ஒன்றாக்க ஆறு மாசம், சில பேருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். சேரவில்லை என்றால் ஸ்க்ரூ தளர்ந்துபோகலாம், மறுபடி ஆபரேஷன் வரலாம்.

இங்கேதான் கொழுப்பு வருகிறது. (திட்டும்போது சொல்லும் கொழுப்பு இல்லைங்க, நிஜக் கொழுப்பு.) 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. அதைச் சுரப்பது கொழுப்புச் செல்கள். 'இருப்பு எவ்வளவு இருக்கு' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை.

2000-ல் ஜெரார்ட் கார்சென்டி குழு ஒரு விசித்திரத்தைக் காட்டியது. லெப்டினே சுரக்காத எலிகள் குண்டாக இருந்தன, ஆனால் முள்ளெலும்பு வழக்கத்தைவிட அடர்த்தி! மூளைக்குள் லெப்டினைச் செலுத்தியதும் எலும்பு குறைந்தது. அதாவது மூளை வழியாகப் போனால் லெப்டின் பிரேக். ஆனால் ஆய்வகத் தட்டில், எலும்பு மஜ்ஜையின் மூலச்செல்கள் மேல் அதே லெப்டின் நேரடியாகப் பட்டால், அவை கொழுப்புச் செல்லாக மாறாமல் எலும்புச் செல்லாக மாறுகின்றன. ஒரே மெசேஜ், வாங்குகிற சர்வரைப் பொறுத்து வேற வேற வேலை. இப்படி ஒரு கோடை நான் எழுதியிருந்தால் ரிவ்யூவில் கிழித்திருப்பார்கள்.

அப்போ லெப்டின் குறைந்தால் நல்லதா, கெட்டதா? மனிதர்களில் ஒரு தடயம் இருக்கிறது. லெப்டின் குறைந்து மாதவிடாய் நின்றுபோன பெண்கள் சிலருக்கு அதை ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் வந்த முடிவு: ரத்தத்தில் எலும்பு உருவாவதைக் காட்டும் அளவுகள் ஏறின. எட்டுப் பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் பட்டினி கிடந்தால் லெப்டின் மளமளவென்று இறங்கும் என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்க. கூடவே புரதமும் குறையும், அது இல்லாமல் எலும்பு எதை வைத்து வளரும்?

குண்டா இருப்பது நல்லது என்று நான் சொல்லவில்லை. பருமன் அதிகமானால் ஆபரேஷன் புண்ணில் தொற்று வரும் ஆபத்து கூடும். அடிபோனெக்டின் என்ற இன்னொரு கொழுப்பு ஹார்மோன் பருமனில் குறைந்தும்விடும். எடையைக் குறைப்பதானால் ஆபரேஷனுக்கு முன்னாடி, டாக்டர் சொல்படி. எலும்பு சேர்கிற மாசங்களில் பட்டினி வேண்டாம்.

பெரியம்மாவிடம் லெப்டின் கதையெல்லாம் சொல்லவில்லை. சர்ஜனுக்கே போன் போட்டுக் கொடுத்தேன். இப்போ ராத்திரி ரெண்டு இட்லி, ஒரு முட்டை.